டாக்டர் பதில்: ‘விபத்துக்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார்’

சகோதரி, வண்டி ஓட்டும் உங்கள் கணவர் விபத்தில் சிக்கி, கூட வந்த கிளீனர் பையன் இறந்த பிறகு வேறு ஆளாகிவிட்டார், பைத்தியமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது விபத்தின் அதிர்ச்சியால் வந்த நோய்; உங்கள் கணவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நாலு பக்கக் கடிதத்தில் உங்களை உறுத்துவது இந்த ஒன்றுதான் என்று புரிந்தது. அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

என்னை நிறுத்தியது வேறொரு வரி. நல்ல சேதி போலப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘இப்போது பொறுப்பு வந்திருக்கிறது. போன வாரம் எல்.ஐ.சி. பத்திரம், பாஸ்புக், நகை அடகு ரசீது எல்லாவற்றையும் எடுத்து என் தம்பியிடம் காட்டி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவைத்தார்.’ அதற்கு முந்தைய பக்கத்தில், ‘கிளீனர் பையனுக்குப் பதிலா நான் போயிருக்கணும்’ என்று அடிக்கடி சொல்கிறார் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். உயிரை விட்டுவிட முடிவெடுத்தவர்கள் இப்படி வீட்டை ஒழுங்குபடுத்தி வைப்பதுண்டு. அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாமல்தான் அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். இதே பேச்சு நடக்கும் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், அப்போது சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நேராகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, அழாமல், சண்டை போடாமல், ‘செத்துப்போயிடலாம்னு தோணுதாங்க?’ என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருத்தராவது கேட்டாரே என்று பாரம் இறங்கியவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ‘ஆமாம்’ என்றாலும், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவரைத் தனியே விடாதீர்கள். விடிந்ததும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எப்படி, எப்போது என்று யோசித்தே வைத்திருக்கிறார் என்றால் விடியும்வரைகூட இருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தும் மாத்திரை டப்பாவும் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். எந்நேரமும் பேச 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். ‘இல்லை’ என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடாமல் இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அவர் போடும் அந்த அல்பிரசோலம் மாத்திரை. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் தூக்கத்துக்கென்று வாங்கிய அரை மில்லிகிராம், ஐந்து மாதத்தில் ஒரு மில்லிகிராம் ஆகிவிட்டது. சில இரவுகளில் கூடவே ஒரு குவார்ட்டர் பிராந்தி. மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகும். சாகலாமா என்று யோசிக்கிற ஆள் கையில் இரண்டும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. 2014 முதல் அரசின் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்குக் கொடுத்தோம் என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அது கிடக்கட்டும். இந்த நோய்க்கு அல்பிரசோலம் மருந்தே இல்லை. சில மணி நேரம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். அதற்காக இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஐந்து மாதம் தினமும் போட்டதைப் பட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது.

இனி நோய்க்கு வருவோம். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.டி.எஸ்.டி., தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது பெரிதும் பேசப்பட்டவர்கள் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். அதனாலேயோ என்னவோ, பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். நம் ஊர் கிளினிக்குகளில் சாலை விபத்து, தீக்காயம், அடிதடி, சிக்கலான பிரசவம் என்று எத்தனையோ வழியில் வருகிறது. சாதாரண நினைவுக்கு நாள், தேதி உண்டு. ‘அது முடிந்துபோனது’ என்று மனதுக்குத் தெரியும். இந்த நினைவு அப்படி அடங்கவில்லை. டீசல் வாடை, ஏர் ஹாரன், ஈரத்தார் ரோட்டில் டயர் சத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும், இப்போதே நடப்பதுபோல உடம்பு பதறும். இரவு 2 மணிக்கு வியர்த்து எழுவதும், அந்தப் பையன் முகம் தெரிகிறது என்பதும் இதனால்தான். சில நிமிடத்தில் தெளிந்து, ‘அது நினைப்புதான்’ என்று அவரே சொல்கிறாரே, அதை வைத்துத்தான் பைத்தியம் இல்லை என்றேன்.

இவ்வளவு நாள் இதை யாரும் கண்டுபிடிக்காததற்கு எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். நெஞ்சு படபடப்புக்கு ஈ.சி.ஜி., எக்கோ, தலைவலிக்கு இரண்டாவது சி.டி. ஸ்கேன், வயிற்றெரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி. எல்லாம் நார்மல். ‘இதெல்லாம் எப்போதிருந்து?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் விபத்துத் தேதி வந்திருக்கும். முதல்நிலை மருத்துவர்களுக்கென்றே ஐந்து கேள்விகள் இருக்கின்றன, இரண்டு நிமிட வேலை. போன ஒரு மாதத்தில்: அந்தச் சம்பவம் கனவிலோ வேண்டாத நினைப்பாகவோ வந்ததா? அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா? சதா உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா? மனிதர்களிடமிருந்து விலகி மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? உங்களையோ பிறரையோ குற்றம் சொல்வதை நிறுத்த முடியவில்லையா? மூன்று, நான்குக்கு ‘ஆமாம்’ வந்தாலே விரிவாக விசாரிக்க வேண்டும். உங்கள் கடிதப்படி ஐந்துக்குமே ஆமாம். விபத்து நடந்த முதல் மாதத்தில் இதெல்லாம் யாருக்கும் வரும், பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்துப் பிழைப்பைக் கெடுத்தால்தான் நோய்.

முக்கிய சிகிச்சை பேச்சுதான். ஆறுதல் சொல்வதோ தத்துவம் பேசுவதோ இதில் சேராது. பயிற்சி பெற்றவர் முன்னால் அன்று நடந்ததை அவர் திரும்பத் திரும்ப முழுதாகச் சொல்வார். பிறகு நிறுத்தி வைத்த வண்டியில் சும்மா உட்காருவது, துணையோடு கொஞ்ச தூரம் போவது என்று மெதுவாக நகரும். பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். நான்குவழிச் சாலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிப் போகிறாரே, ஒவ்வொரு முறையும் அப்பாடா என்றிருக்கும். அந்த அப்பாடாதான் பயத்துக்குத் தீனி. இதைப் படித்துவிட்டு உங்கள் தம்பி போன மாதம்போல மறுபடி ‘தைரியம் வரட்டும்’ என்று அவரை இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றக் கூடாது. அவர் சம்மதித்து, அவர் வேகத்தில் நடக்க வேண்டியது அது.

மருந்து வேண்டுமென்றால் செர்ட்ராலின் போன்றவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே தொடங்கலாம். முதல் வாரம் வயிற்றுப் புரட்டல், லேசான பதற்றம் இருக்கும். குணம் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். ஆரம்ப வாரங்களில் சாவு நினைப்பு கூடுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். தேறியதும் நிறுத்தக் கூடாது, பெரும்பாலும் ஒரு வருடம்வரை போகும்.

மனநல டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும், விபத்து நஷ்டஈட்டு வழக்கு கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்களாம். சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017 மனநலச் சட்டம் தரும் உரிமை. வழக்கைப் பொறுத்தவரை, சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்து உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். விபத்தால் வந்த பாதிப்புக்கு அதுவும் ஒரு ஆதாரம்.

‘மூளை சுருங்கிவிடும்’ என்ற யூடியூப் வீடியோவை மறுபடி பார்க்காதீர்கள். அதில் சொன்ன மக்னீசியம் பவுடரும் வேண்டாம், காசுதான் போகும். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, டாக்டரிடம் போவதை அது தள்ளிப்போடாதவரை.

டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுபோங்கள். குடியையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போய், பத்திரம், பாஸ்புக் விஷயத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள்; அவர் சொல்லமாட்டார்.

உங்களுக்கு முடி கொட்டுவது பெரிய அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வருவதுதான். வழுக்கை விழாது. ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.