அப்டேட்டைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: வீட்டுக் கணினியில் ஆன்ட்டிவைரஸ் மென்பொருள் உள்ளது. அப்படியிருக்க, விண்டோஸ் அடிக்கடி கேட்கும் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடுவதில் தவறுண்டா?

பதில்: தவறுதான். ஆன்ட்டிவைரஸ் பெரும்பாலும் உள்ளே நுழையும் தீய கோப்புகளை அடையாளம் காண முயல்கிறது. அப்டேட்டோ அவை நுழையும் ஓட்டையையே அடைக்கிறது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீய நிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அதை நிறுவாதவையே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் விண்டோஸ் 11-க்கு மாறுவதோ, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவுசெய்வதோ நல்லது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, அன்றாட வேலைக்கும், கணினி முழுவதையும் மாற்றியமைக்கும் உரிமையுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையே பயன்படுத்துவது. சாதாரணக் கணக்கில் இயங்கினால், தெரியாமல் திறந்த தீய நிரலால் கணினி முழுவதையும் எளிதில் மாற்றியமைக்க முடியாது. ஆயினும் அந்தக் கணக்கிலுள்ள உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது பூட்டிவிடக்கூடும் என்பதால், அவற்றின் நகலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் நகலும் சேர்ந்தே பூட்டப்படலாம். இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை ஒன்றாக நிறுவுவது இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். அவை ஒன்றோடொன்று மோதிக் கணினியைத் திணறடிப்பதே மிச்சம்.