வளைவு உடைந்ததா, கணக்கு உடைந்ததா?

கேள்வி: தாழ்வான வளைவு ஒன்றின் உச்சியில் சுமையைப் படிப்படியாகக் கூட்டி, அமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் முடிவுறு கூறு முறையில் கணித்தேன். ஒரு குறிப்பிட்ட சுமையைத் தாண்டியதும் விடை ஒரு மதிப்பில் குவியாமல் (நிலைகொள்ளாமல்) நிரல் நின்றுவிடுகிறது. சுமைப்படியை எவ்வளவு சிறிதாக்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. பிழை வளைவிலா, கணக்கிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. படியைக் குறைத்தும் நிற்கும் இடம் மாறவில்லை என்பதே முக்கியமான தடயம். தாழ்வான வளைவு இறங்க இறங்க அதன் விறைப்பு குறைந்துகொண்டே வந்து, சுமை–இடப்பெயர்ச்சி வரைகோடு ஓர் உச்சத்தைத் தொட்டபின் கீழே இறங்கும். அந்த உச்சத்தை வரம்புப் புள்ளி என்பார்கள். அதைவிடக் கூடுதலான சுமைக்கு அருகில் சமநிலையே கிடையாது. விடையை ஊகித்துச் சுற்றுச்சுற்றாகத் திருத்தும் நியூட்டன்–ராப்சன் முறை, ஒவ்வொரு சுற்றிலும் தொடுகோட்டு விறைப்பு அணியை (அந்த நிலையில் அமைப்பின் விறைப்பைக் காட்டும் அணியை) கொண்டு திருத்தத்தைக் கண்டுபிடிக்கிறது. வரம்புப் புள்ளியில் அந்த அணியின் அணிக்கோவை சுழியாகிவிடுவதால், படி எவ்வளவு சிறியதாயினும் திருத்தம் தறிகெட்டுப் போகும்.

சுமையைக் கொடுத்து இடப்பெயர்ச்சியைக் கேட்பதற்கு மாறாக, உச்சியின் இடப்பெயர்ச்சியைக் கொடுத்து, அதற்கு வேண்டிய சுமையைக் கேளுங்கள். எளிய வளைவுகளுக்கு இதுவே போதும். வரைகோடு பின்னோக்கியும் மடங்குமானால் இதுவும் தோற்கும். அப்போது வில்நீள முறையே கைகொடுக்கும். 1970களில் வெம்ப்னரும் ரிக்ஸும் வகுத்து, 1981இல் கிரிஸ்ஃபீல்டு முடிவுறு கூறு நிரல்களுக்கு ஏற்றவாறு செப்பனிட்ட இம்முறையில், சுமையின் அளவும் தெரியாக் கணியமாகிறது. வரைகோட்டின் வழியே ஒரு படியில் எவ்வளவு தொலைவு நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கூடுதல் சமன்பாடு ஒன்றும் சேர்கிறது.

முறையை மாற்றுமுன், பாதுகாப்பான சிறிய சுமை ஒன்றில் எச்சவிசை (சமநிலை எட்டாமல் மிஞ்சும் விசை) குறையும் விதத்தைப் பாருங்கள். விடையை நெருங்கும்போது அது 10⁻², 10⁻⁴, 10⁻⁸ என்ற போக்கில் சரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாதி பாதியாகவே குறைகிறதென்றால், நிரல் முழு நியூட்டன் முறையைத்தான் கையாள்கிறது என்ற நிலையில், தொடுகோட்டு அணியிலேயே தவறு இருக்கிறது. பொருள் மீளாத உருமாற்றம் அடையும் கணக்குகளில் இது அடிக்கடி நேர்வது; அணியை, தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) கணிக்கும் படிமுறையிலிருந்தே வருவிக்க வேண்டும் என்று சிமோவும் டெய்லரும் 1985இல் காட்டினார்கள்.

உச்சத்திற்குப் பிந்தைய இறங்குகோட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். வளைவின்மேல் இருப்பது மாறாத எடை என்றால், உண்மையில் அது அந்த வழியே மெல்ல இறங்காமல் சட்டென்று மறுபுறம் கவிழும். அதை அறிய நிறையையும் தணிப்பையும் சேர்த்த இயக்கவியல் கணக்கு தேவை. உங்கள் மாதிரி முற்றிலும் சமச்சீரானது என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: வளைவு பக்கவாட்டில் சாய்ந்து, வரம்புப் புள்ளிக்கு முன்பே நொடிக்கக்கூடும் (நிலைகுலைந்து வளையக்கூடும்), சமச்சீர் மாதிரியோ வரைகோட்டிலிருந்து பிரியும் அந்தக் கிளையைக் கவனியாமல் தாண்டிச் சென்றுவிடும். வடிவில் மிகச் சிறிய சமச்சீரற்ற கோணல் ஒன்றைப் புகுத்தி மீண்டும் கணித்துப் பாருங்கள்.