கர்த்தருடைய நாமமும் நம் பெலனும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு வேலை போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஜெபக்குழுவில் கர்த்தருடைய நாமங்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். யெகோவாயீரே (கர்த்தர் பார்த்துக்கொள்வார்), யெகோவாநிசி (கர்த்தர் என் கொடி), யெகோவாஷாலோம் (கர்த்தர் சமாதானமானவர்), எல்ஷடாய் (சர்வவல்லமையுள்ள தேவன்) என்று காலையும் மாலையும் தவறாமல் சொல்லி வருகிறேன். ஆனாலும் உள்ளத்தில் பெலன் வரவில்லை. எனக்கு விசுவாசம் போதவில்லையா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, வருமானம் நின்றுபோன வீட்டில் இரண்டு வேளையும் முழங்காற்படியிடுகிற உங்களை விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை அந்தத் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு நாமமும் வேதத்தில் ஒரு மனிதருடைய நெருக்கடியின் நடுவே வெளிப்பட்டது. அந்த நெருக்கடியை விட்டுவிட்டு நாமத்தை மட்டும் பட்டியலாக்கினால், வாய்க்கு வேலை இருக்கும், உள்ளத்துக்கு ஆகாரம் இருக்காது. நாமம் என்பது திரும்பத் திரும்பச் சொன்னால் பலிக்கிற மந்திரம் அல்ல என்பதற்கு அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் வரும் ஸ்கேவாவின் ஏழு குமாரரே சாட்சி; இயேசுவின் நாமத்தை மந்திரம்போல் சொல்லிப் பொல்லாத ஆவியைத் துரத்தப் பார்த்து, அடிபட்டு ஓடினவர்கள் அவர்கள்.

முதலில் ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ஆகார் எகிப்து தேசத்து அடிமைப்பெண், ஆபிராமின் மனைவி சாராய் அவளுடைய நாச்சியார். சாராய் கடினமாய் நடத்தினதால் ஓடிப்போய், கர்ப்பவதியாக, சூருக்குப் போகிற வழியில் ஒரு நீரூற்றண்டையில் நிற்கிறாள். அந்த அதிகாரத்தில் ஆபிராமும் சாராயும் அவளைப் பற்றிப் பேசுகிற இடங்களிலெல்லாம் "என் அடிமைப்பெண்", "உன் அடிமைப்பெண்" என்றே பேசுகிறார்களே தவிர, ஒருமுறையாவது அவள் பெயரை வாயில் எடுப்பதில்லை. கர்த்தருடைய தூதனானவரே "ஆகாரே" என்று அழைத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். தன் பெயரைச் சொல்லி அழைத்தவருக்கு அவளும் ஒரு பெயர் சூட்டுகிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." இத்தனைக்கும் அவளுடைய நிலைமை மாறிவிடவில்லை, அதே நாச்சியாரிடத்துக்குத் திரும்பிப் போகும்படியே அவளுக்குச் சொல்லப்பட்டது. திரும்பிப் போக அவளுக்கு வந்த பெலன், தான் காணப்பட்டிருக்கிறோம் என்ற அறிவிலிருந்து வந்தது.

அன்னாளும் அப்படியே. பிள்ளையில்லாத அந்த ஸ்திரீ சீலோவில் கண்ணீரோடு ஜெபிக்கும்போது "சேனைகளின் கர்த்தாவே" என்று அழைக்கிறாள். வேதத்தில் இந்த நாமத்தைச் சொல்லி ஜெபித்ததாக நாம் முதன்முதலில் வாசிப்பது ஒரு ராஜாவையோ படைத்தலைவனையோ அல்ல, வீட்டில் ஏளனம் கேட்டு நொந்துபோன இந்தப் பெண்ணைத்தான். இதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் உருகும். ஜெபித்து எழுந்தவள் போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. சாமுவேல் பிறப்பதற்கு முன்பே, கருவுறுவதற்கும் முன்பே அவள் சாப்பிட்டாள் என்பதைக் கவனியுங்கள். கிதியோனும் மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குச் சமீபமாய் ஒளித்துக் கோதுமையைப் போரடித்த நாட்களில், யுத்தம் தொடங்குவதற்கு முன்னதாகவே, ஒப்ராவில் பலிபீடம் கட்டி அதற்கு யெகோவாஷாலோம் என்று பேரிட்டான்.

யெகோவாயீரேயும் யெகோவாநிசியும் வேறு வகை. மோரியா மலையில் மகனுக்குப் பதிலாகப் பலியிட ஆட்டுக்கடா கிடைத்த பிறகு ஆபிரகாமும், ரெவிதீமில் அமலேக்கியர் முறியடிக்கப்பட்ட பிறகு மோசேயும் நன்றியோடு இட்ட பெயர்கள் அவை. அவற்றைச் சொல்லி இப்போது ஜெபிப்பது தவறல்ல. ஆனால், காத்திருக்கிற உங்களுக்கு ஆகாரும் அன்னாளும் அழைத்த நாமங்களே கிட்டத்தில் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆகவே சில காலம் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரே நாமத்தோடு தங்கியிருங்கள். "என்னைக் காண்கிற தேவனே, இந்த மாத வாடகையையும், பள்ளிக் கட்டணத்தையும், நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டுப் பேசாமல் வந்து உட்காருகிற என் கணவருடைய முகத்தையும் நீர் காண்கிறீர்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள். முடிந்தால் உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள்.

கேள்வி: இயேசு என்னும் நாமம் நமக்கு இருக்கும்போது பழைய ஏற்பாட்டு நாமங்கள் எதற்கு?

பதில்: நாசரேத்தூராகிய இயேசு அந்த நாமங்களைத் தள்ளிவிடவில்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற சங்கீதத்தை அறிந்திருந்த யூதருக்கு முன்பாக "நானே நல்ல மேய்ப்பன்" என்றார். பிதாவின் நாமத்தைச் சீஷருக்கு வெளிப்படுத்தியதாக யோவான் 17ஆம் அதிகாரத்தில் ஜெபத்திலேயே அறிக்கையிடுகிறார். ஆகவே 23ஆம் சங்கீதத்தையும் யோவான் 10ஆம் அதிகாரத்தையும் ஒரே நாளில் சேர்த்துத் தியானியுங்கள். ஒன்று மற்றொன்றை விளக்கும்.

கேள்வி: மளிகைக்கடைக்கு "யெகோவாயீரே" என்று பெயர் வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம், ஆதியாகமம் 22:14இல் அது ஓர் இடத்துக்கு இடப்பட்ட பெயராகத்தான் வருகிறது. கடை திறக்கும் நாளில் லேவியராகமம் 19:35, 36 வசனங்களையும் வாசித்து ஜெபியுங்கள். தராசும் நிறைகல்லும் படியும் சரியாயிருக்கவேண்டும் என்று கட்டளையிட்ட கையோடு, "உங்கள் தேவனாகிய கர்த்தர்" என்று அவர் தம்முடைய நாமத்தையும் அங்கே வைத்திருக்கிறார்.