பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும்: கேட்டவையும் பதில்களும்

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி பத்து நிமிட நடைதான். தனியாக அனுப்பலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது பத்து வயது வரைக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாக வராது. அதற்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் அவள் ஒன்றும் கற்க மாட்டாள். அவளை முன்னால் விட்டு, கை எட்டும் தூரத்தில் நீங்கள் பின்னால் நடங்கள். எங்கே நிற்பது, எப்போது கடப்பது என்று அவளே வாய்விட்டுச் சொல்லட்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று நாலு நாளில் தெரிந்துவிடும்.

நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவில்தான் கடக்க வேண்டியிருக்கிறது ஐயா.

கொஞ்சம் சுற்றினாலும் வேறு இடத்தில் கடப்பதே நல்லது. முடியாதென்றால், முதலில் அந்த கார்களில் ஆள் இருக்கிறாரா, இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் காரின் வெளி ஓரம் வரை போய், அங்கே மறுபடி நின்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும். ஒருமுறை நீங்களே அங்கே குந்தி உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையின் கண்ணுக்கு பானெட்டைத் தவிர எதுவும் தெரியாது. ஓட்டுநருக்கும் பிள்ளை தெரியாது.

நான் ஆசிரியை. காலையில் எங்கள் பள்ளி வாசலில் ஒரே கார் நெரிசல். என்ன செய்வது?

பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவிட வந்தவர்களின் கார்கள்தானே அவை! இறக்கிவிடும் இடத்தை ஐந்து நிமிட நடைக்கு அப்பால் தள்ளுங்கள். அங்கிருந்து பிள்ளைகள் கூட்டமாக நடக்கட்டும், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். பேருந்து மாதிரி குறித்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது வேகம். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 14 மீட்டர் ஓடும். 30 என்றால் 8 மீட்டர்தான். ஓட்டுநர் கண்ணால் பார்த்து பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடி போய்விடும். பாதசாரிகளும் வண்டிகளும் கலக்கும் தெருக்களில் 30க்கு மேல் கூடாது என்று, சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டில் வெளியான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் சொல்கிறது. ஆனால் வெறும் பலகையைப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. வேகத்தடையோ மேடாக்கிய கடவையோ கேளுங்கள். மனுவோடு, பயமான இடங்களைப் பிள்ளைகளே குறித்த வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரம் 1970களிலேயே பள்ளிப் பாதைகளில் ஆபத்தான இடங்களைத் தேடித் திருத்தத் தொடங்கிவிட்டது.

ஹெல்மெட் வாங்கினோம், ஆடிக்கொண்டே இருக்கிறது.

'வளர்கிற பையன்' என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியிருப்பீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கலாம். பட்டையை மாட்டியபின் பெரிதாகக் கொட்டாவி விடச் சொல்லுங்கள். ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்தினால் சரி. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

வண்டி வருவது தெரியும் என்று மகன் எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுகிறான்.

அது நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவருக்குச் சரி. சைக்கிளுக்குக் கூடாது. இரண்டு வேகமும் கூடி மோதும். அதோடு, சந்திலிருந்து திரும்பும் ஓட்டுநர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

லாரி பக்கத்தில் போகும்போது?

பக்கத்தில் போகவே வேண்டாம், பின்னாலேயே நிற்கட்டும். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரியவில்லையா, அவருக்கும் உங்கள் பிள்ளையைத் தெரியாது.