பழைய எஸ்யூவிக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்: வாசகர் கேள்வி – பதில்

பத்து ஆண்டுகளைத் தாண்டிய எஸ்யூவிகளின் சஸ்பென்ஷன் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். பொள்ளாச்சி வாசகருக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களின் கேள்விகளுக்கும் அடிப்படை அதில் இருப்பதால் அதை முதலில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 2009ஆம் ஆண்டு டாடா சஃபாரி டைகோர் உள்ளது. 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குடும்பத்துடன் அடிக்கடி வால்பாறைக்குச் சென்று வருகிறோம். ஏழு பேர் அமர்ந்தால் பின்புறம் தணிந்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்ந்து ஆடுகிறது. தடித்த கம்பியில் செய்த ஸ்பிரிங் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்திவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் பஃபர் செருகினாலே போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் வண்டியில் இரண்டு குறைகள் தனித்தனியாக இருக்கின்றன. பின்புறம் தணிவது ஸ்பிரிங் தொடர்பானது. வளைவில் ஆடுவதற்கு ஷாக் அப்சார்பர், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார், ஆக்சிலைப் பிடித்திருக்கும் லிங்க் கம்பிகளின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் ஆகிய மூன்றும் காரணமாகலாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அது அமுங்கி எழும்போது உண்டாகும் ஆட்டத்தை, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி, வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே புதிய ஷாக் அப்சார்பர் போட்டால் தணிந்த வண்டி எழுந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள். சமதளத்தில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரியாக வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் நேர்மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். இடத்துக்கும் வலத்துக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பின்பக்கத்து பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள இடைவெளி வெறும் வண்டியிலேயே குறுகியிருந்தாலோ, ஸ்பிரிங் தன் உயரத்தை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டறைகளில் இதை ‘ஸ்பிரிங் செத்துவிட்டது’ என்பார்கள். உண்மையில் அதன் விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை, நின்ற உயரம்தான் குறைகிறது. கம்பெனி அளவிலேயே புதிய ஸ்பிரிங்குகளை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினால் பெரும்பாலும் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்பதற்கு இதுவே காரணம்.

தடித்த கம்பி என்று சொல்லும்போது எவ்வளவு தடித்தது என்பதைக் கேட்டே ஆக வேண்டும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. 14 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக அதே சுருளை 15 மில்லிமீட்டர் கம்பியில் செய்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர் விறைப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு கூட்டிவிடும். அப்படிப்பட்ட ஸ்பிரிங் ஏழு பேரோடு போகும்போது நன்றாகவே இருக்கும். நீங்கள் ஒருவராக அலுவலகம் செல்லும் நாள்களில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்புறம் எகிறும். மேலும், அதிக விறைப்புள்ள ஸ்பிரிங் மீண்டு எழும் வேகத்தைப் பழைய ஷாக் அப்சார்பரால் அடக்க முடியாது. ஆகவே அதையும் பொருத்தமாக மாற்ற வேண்டியிருக்கும்.

ரப்பர் பஃபரும் இதே விளைவைத்தான் வேறு வழியில் தருகிறது. அது செருகப்பட்ட இடத்தில் சுருள் அசைய முடியாமல் போவதால் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை குறைகிறது. ஏழு சுற்றுகளில் ஒன்று முடங்கினாலே விறைப்பு 17 விழுக்காடு அளவுக்குக் கூடும். அந்தச் சுமை எஞ்சிய சுற்றுகளின் மேல் ஏறுகிறது. ரப்பர் அழுந்தும் இடத்தில் பெயிண்ட் உராய்ந்து போய், ஈரமும் மண்ணும் தங்கித் துருப்பிடித்து, அங்கேயே ஸ்பிரிங் முறிவதும் உண்டு. விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு இல்லை.

உங்கள் டைகோரில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கப்பட்டு ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும் நேரான கம்பியான டார்ஷன் பார்தான். 2012இல் வந்த ஸ்டார்மில்தான் முன்பக்கமும் சுருளுக்கு மாறியது. எனவே இரண்டு அங்குலம் உயர்த்துவது என்றால் முன்பக்கத்தில் டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்குவார்கள். இதில் வண்டி எழுந்து நிற்குமே ஒழிய பார் விறைப்பாவதில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த தொலைவு குறைந்துபோவதால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ‘டக்’ என்று இடிக்கும். பால் ஜாயின்ட்டுகள் (பந்து மூட்டுகள்) சாய்ந்த கோணத்தில் நின்று விரைவில் தேயும். சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) அது நோக்கும் திசையும் (டோ) மாறி டயரைத் தின்றுவிடும். தணிந்துபோன முன்பக்கத்தைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவர மட்டுமே அந்த போல்ட்டைத் தொடுங்கள். தொட்ட பின் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பின்பக்கத்தை உயர்த்துவதிலும் சிக்கல்கள் உண்டு. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு கம்பியின் கோணம் மாறுவதால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். பின் ஆக்சிலின் உயரத்தைக் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பழைய எஸ்யூவிகளில் இருக்கிறது. பின்புறத்தை உயர்த்திவிட்டு அந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர் அந்த நிலையில் வண்டியை வைத்திருக்கக் கூடாது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். பின் ஆக்சிலின் ஐந்து லிங்க்குகளின் புஷ்கள், ஸ்டெபிலைசர் பாரின் புஷ்கள், அதன் லிங்க்குகள் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். பதினைந்து ஆண்டு ரப்பர் வெளியே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே கிழிந்திருக்கும். வளைவில் வரும் ஆட்டத்தில் பாதி அங்கேயே நின்றுவிடலாம். அடுத்து கம்பெனி அளவு பின் ஸ்பிரிங்குகள். மூன்றாவதாக நான்கு ஷாக் அப்சார்பர்கள். வண்டியின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை அதிகம் நம்ப வேண்டாம். புஷ்களின் இறுக்கமே ஆட்டத்தை மறைத்துவிடும். ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வழிந்திருப்பது, டயரில் விட்டுவிட்டுக் கிண்ணம்போலத் தேய்மானம் விழுவது, பிரேக் பிடித்தால் முகப்பு ஆழமாகக் குனிவது ஆகியவை நம்பத்தக்க அடையாளங்கள். உங்கள் வண்டியின் ஷாக் அப்சார்பர்கள் முதலில் வந்தவையே என்றால், 1,70,000 கிலோமீட்டருக்குப் பிறகு சோதனையே தேவையில்லை.

எந்த வகை வாங்குவது? நைட்ரஜன் நிரப்பிய இரட்டைக் குழாய் வகை உங்களுக்குப் போதும். வாயு அழுத்தம் எண்ணெய் நுரைக்காமல் காக்கிறது. ஒற்றைக் குழாய் வகை வெப்பத்தை இன்னும் நன்றாக வெளியேற்றும் என்பது உண்மை. ஆனால் அதில் வெளிக்குழாயே சிலிண்டராக இருப்பதால், கல்லடித்து ஒரு பள்ளம் விழுந்தாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். தனி எண்ணெய்க் கலத்தோடு வரும் விலையுயர்ந்த வகைகள், கரடுமுரடான பாதையில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டுபவர்களுக்கானவை. தார்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறுவதற்கு அவை வீண் செலவு.

புஷ் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். சக்கரங்கள் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். நல்ல பட்டறைகளிலும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று: மேலே கேரியரில் ஏற்றும் பெட்டிகளைக் குறையுங்கள். கூரையின் மேல் உள்ள எடை வளைவில் வண்டியைச் சாய்ப்பதுபோல் தரையோடு ஒட்டிய எடை சாய்ப்பதில்லை.

கேள்வி: சமையல் ஒப்பந்தத் தொழில் செய்கிறேன். என் பழைய பொலேரோவில் பாத்திரங்களை ஏற்றினால் பின்புறம் இடிக்கிறது. கமான் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்கில்) கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாமா? அல்லது இருக்கும் பட்டைகளையே அடித்து வளைத்துக்கொள்ளலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் வண்டியின் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா, நடுவிலும் முனைகளிலும் மட்டும் தொட்டு இடையில் விலகியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். விலகியிருந்தால் அது பரபோலிக் வகை. அதன் ஒவ்வொரு பட்டையும் நடுவில் தடித்து முனையை நோக்கி மெலிந்து செல்லும். அதனுடன் சாதாரணத் தட்டைப் பட்டை ஒன்றைச் சேர்த்தால் சுமை சீராகப் பிரியாமல் ஒரே இடத்தில் அழுத்தும். ஒட்டிய வகையென்றால் ஒரு பட்டை சேர்க்கலாம். நீளத்தையும் வளைவையும் பார்த்து, வரிசையில் தனக்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவதல்ல.

அடித்து வளைப்பதைப் பொறுத்தவரை, கைதேர்ந்தவர் சூடேற்றாமல் வளைத்துத் தந்தால் ஓரளவு காலம் தாங்கும். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், பிறகு எண்ணெயில் குளிரவைத்து மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் செய்த பட்டை சில வாரங்களில் மறுபடி தட்டையாகும், அல்லது உடையும். இதே எஃகில்தான் நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்கிறார்கள் என்பதால், பதம் தவறினால் என்னவாகும் என்பதை அவர்களே நன்கு சொல்வார்கள். உங்கள் பயன்பாட்டுக்குப் புதிய கட்டு ஒன்றை முழுதாக வாங்குவதே நல்லது.

பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை முழுதாக இறுக்கி நீண்டவை மறுமுறை அதே பிடிமானம் தருவதில்லை. பட்டையின் முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்களையும் மாற்றி, 500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பட்டை கூடியதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடுவதில்லை. ஆக்சில், பேரிங், பிரேக், டயர் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. அண்டாக்களும் அடுப்புகளும் அந்த எடையைத் தாண்டுமானால் இரண்டு நடையாக எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 2011 ஃபார்ச்சூனர் வைத்திருக்கிறேன். ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்களின் ஸ்பிரிங் செட்டில் ‘ஹெவி’ வகை வாங்க நினைக்கிறேன். பெரும்பாலும் நானும் மனைவியும்தான் பயணம் செய்கிறோம். பொருத்தமாக இருக்குமா? – வாசகர், கோவை

பதில்: இருக்காது. அந்த நிறுவனங்கள் ஸ்பிரிங்கை வண்டியில் நிரந்தரமாக ஏற்றப்பட்டிருக்கும் எடையை வைத்துத் தரம் பிரிக்கின்றன. முன்பக்கம் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் விஞ்சும், பின்பக்கம் கூடுதல் டீசல் டேங்க்கும் தண்ணீரும் கருவிப் பெட்டிகளும் வைத்துக்கொண்டு, ஊரே இல்லாத பாலைவழிகளில் நாள்கணக்கில் செல்வோருக்காக ‘ஹெவி’ வகை செய்யப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சுமை அந்தக் கணக்கில் வராது. இந்தியாவில் முன்பக்க இரும்பு பம்பரைப் பொருத்துவதற்கே 2017 முதல் மத்திய அரசின் தடை இருக்கும்போது, அந்த எடைக்கான முன் ஸ்பிரிங் உங்களுக்கு எதற்கு? வெறும் வண்டிக்கான தரத்தைக் கேளுங்கள். அதற்கென்று அதே நிறுவனம் வால்வு அமைத்த ஷாக் அப்சார்பரோடு செட்டாக வாங்குங்கள். ஸ்பிரிங்கை ஓரிடத்திலும் ஷாக்கை வேறிடத்திலும் வாங்கிச் சேர்ப்பவர்கள் நீளத்தில் தவறுகிறார்கள். உயர்த்திய வண்டியில் பழைய நீள ஷாக் இருந்தால், சக்கரம் தொங்கும்போது அதன் தண்டே தளையாகி இழுபடும். நீண்ட ஷாக்கைப் பம்ப் ஸ்டாப் மாற்றாமல் போட்டால், முழுதாக அமுங்கும்போது உள்ளே மோதி உடையும்.

உங்கள் வண்டியில் முன்பக்க ஷாக் சுருளின் உள்ளே அமைந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் முறையான கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டாகப் பாயும். வீட்டில் செய்யும் வேலை அன்று.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றினால் ஆர்.டி.ஓ. அபராதம் விதிப்பாரா? – வாசகர், திருச்சி

பதில்: கம்பெனி அளவிலேயே மாற்றுவது பராமரிப்பு வேலை, அதற்கு அச்சம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. முறையின்றி மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. உயரத்தைக் கூட்டும் செட் எதையும் வாங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் நிற்கும் உயரம் எந்தக் காரணத்தால் மாறினாலும் ஹெட்லைட்டின் சாய்வைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: மாருதி ஜிப்ஸியின் குலுக்கல் குறைய கேஸ் ஷாக் அப்சார்பர் உதவுமா? – வாசகர், குன்னூர்

பதில்: குறையாது, சற்றுக் கூடவும் செய்யலாம்; உள்ளே இருக்கும் வாயு தண்டை வெளியே தள்ளுவதால் சிறிது விறைப்பு சேர்கிறது. ஜிப்ஸியில் நான்கு சக்கரங்களுக்கும் கமான் பட்டைதான். பட்டைகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மறுபடி கட்டினால் அவற்றுக்கு இடையே உள்ள உராய்வு குறைந்து சிறு அதிர்வுகள் தணியும். புஷ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பெரிய டயர் போட்டுக் காற்றையும் அதிகமாக நிரப்பியிருந்தால், பட்டையைத் தொடுவதற்கு முன்னால் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.