பந்தைத் திருப்பி எறிய வேண்டாம்

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து ஆறு மாதம், வேலையிடத்தில் எந்நேரமும் இந்த ஊர் பேஸ்போல் அணியான ப்ளூ ஜேஸின் கதைதான், ஆட்டம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்போல் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஸ்காபரோ வாடகையும் கார் லைசென்ஸும். வாடகை குறையாது. லைசென்ஸுக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போய் எழுதுங்கள். பேஸ்போலுக்கு வருவோம்.

"இது எங்கள் ஊர் எல்லே விளையாட்டுத்தானே" என்று மட்டும் வேலையிடத்தில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற எல்லே என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவே சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

நான் வந்தது 1993 தையில். நகரத்துக்குள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். தொட்டிக்கு மேலே ஒரு ரேடியோ. சமையல்காரர் போர்த்துக்கல்காரர்; நாலு தட்டை மூலைக்கொன்றாக வைத்து, ஓர் உருளைக்கிழங்கை ஓடவிட்டு எனக்கு விதிகளைச் சொல்லித்தந்தார். சித்திரையிலிருந்து புரட்டாதி முடியும்வரை கிட்டத்தட்ட நாளுக்கொன்றாக 162 ஆட்டம். அந்த வருடம் ப்ளூ ஜேஸ் 95 வென்று 67 தோற்றார்கள். ஒரு டெஸ்ட் தோற்றால் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற ஆள் நான். 67 தோல்வியோடு முதலிடமா என்று எனக்குப் பிடிபடவேயில்லை. ஒலருட், மொலிட்டர், அலமார் என்று அமெரிக்கன் லீக்கில் சராசரியில் முதல் மூன்று துடுப்பாட்டக்காரரும் எங்கள் அணிதான். அதில் முதல்வரான ஒலருடின் சராசரி .363. பத்து முறை அடிக்க நின்றால் நாலு முறைகூடச் சரிவரவில்லை!

ஆடியில் சமையல்காரர் ஒரு ரிக்கற் தந்தார். ஸ்கைடோம், இப்போது றோஜர்ஸ் சென்ரர். பந்து பின்பக்கமாக எழும்பியது. நாலு ஓட்டம் என்று எழுந்து கைதட்டினேன், நான் ஒருவன் மட்டும். அது ஃபவுலாம், கோட்டுக்கு வெளியே போன பந்துக்கு ஓட்டம் இல்லையாம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று என் காலடியிலேயே விழுந்தது. ஊர்ப் பழக்கம், எடுத்து மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட்டேன். முன் வரிசைப் பிள்ளை வாய்விட்டு அழுதது. இங்கே பிடித்தவருக்கே பந்து சொந்தம், தம்பி.

அடுத்து, வாசலில் கூவி விற்கிறவர்களிடம் ரிக்கற் வாங்காதீர்கள். நான் வாங்கியது முந்தின நாள் ஆட்டத்து ரிக்கற். இதைவிடப் பெரிய பொறி பந்தயம். 2022 சித்திரையில் ஒன்ராறியோவில் தனியார் இணையப் பந்தயத்துக்குக் கதவு திறந்துவிட்டார்கள். இப்போது ஆட்டத்துக்கு நடுவே அந்த விளம்பரம்தான். கிரிக்கெட் என்றால் தொடர் முடிந்ததும் கை ஓயும். இதில் நாளைக்கும் ஆட்டம், நாளை மறுநாளும் ஆட்டம். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் ஆவணிக்குள் காரை விற்றான்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருடம் இங்கே இருந்தும் எத்தனை இன்னிங்ஸ் என்று தெரியாதவர்கள் ஒரு பக்கம். மற்றப் பக்கம் 2025 ஐப்பசியில் மட்டும் நீலச் சட்டை வாங்கியவர்கள். கார்த்திகை 1ஆம் தேதி, உலகத் தொடர் என்கிற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 11ஆவது இன்னிங்ஸில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றதும், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். இவர்களுக்கு 1994 தெரியுமா? ஆவணி 12இல் வீரர்கள் வேலைநிறுத்தம். உலகத் தொடரே நடக்கவில்லை. அதன்பிறகு 2015வரை இறுதிக் கட்டத்துக்கே போகாத அணியை நான் விடாமல் பார்த்தேன். மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

1993 ஐப்பசி 23, சனிக்கிழமை. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், பிலடெல்பியா 6-5 முன்னுக்கு. இரண்டு பேர் தளத்தில் நிற்க, ஜோ கார்ட்டர் அடித்தார், பந்து இடப்பக்கச் சுவருக்கு அப்பால். ரேடியோவில் கூச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சமையல்காரர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் என் ஈரக்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். யங் வீதி முழுக்கச் சனம், ஹோர்ன், யாரோ சட்டி தட்டுகிற சத்தம். இரவில் சனம் இப்படி ஓடினால் எந்த ஒழுங்கைக்குள் புகுவது என்றுதான் என் கண் முதலில் தேடியது. கொஞ்சத் தூரம் போன பிறகுதான், நானும் கத்திக்கொண்டு போகிறேன் என்று தெரிந்தது.

திரும்பி வந்தபோது கோப்பைகள் அப்படியே கிடந்தன. விடிய இரண்டு மணிவரை கழுவினோம்.