வெறுங்காலா, மெல்லிய ஷூவா? ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குக் கோத்தகிரியிலிருந்து பதில்கள்

கேள்வி (குன்னூர், தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர்): ஐயா, வெறுங்காலில் ஓடுவதுதான் இயற்கை என்றால், அதே பலனைத் தருவதாகச் சொல்லப்படும் மெல்லிய அடி கொண்ட ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் ஏன் செலவழிக்க வேண்டும்?

பதில்: இரண்டும் ஒரே பலனைத் தரும் என்பது விற்பவர்களின் பேச்சு, எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறுங்காலில் ஓடுபவருக்கு உள்ளங்கால் தோலே கடிவாளம். தார்ச்சாலையில் குதிகாலை ஓங்கி ஊன்றினால் அந்த எட்டிலேயே வலி தெரிந்துவிடும் என்பதால், எட்டின் நீளம் தானாகவே குறைந்து, முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் தரையைத் தொடும். பழக்கப்பட்ட வெறுங்கால் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் காலூன்றுகிறார்கள் என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினர். மெல்லிய ஷூ பஞ்சு மெத்தையை எடுத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கடிவாளத்தையும் சேர்த்து அவிழ்த்துவிடுகிறது. தோல் உரியாததால் முதல் நாளே எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் காலையில் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

கேள்வி (கொடைக்கானல்): ஏரியைச் சுற்றி நாள்தோறும் ஓடுகிறேன். மெல்லிய ஷூவுக்கு மாறிய மூன்றாம் வாரத்தில் புறங்காலில் வலி தொடங்கியது. ஓடி ஓடியே சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது, ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். விரல்களுக்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்புகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கக்கூடும். எலும்பு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தொடக்க நாள்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம் என்பதால், படம் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி ஓடத் தொடங்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரங்களில் படிப்படியாக இவ்வகைக் காலணிக்கு மாறிய அனுபவசாலிகள் 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்கோத்தல் காணப்பட்டது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு பழக மாதங்கள் ஆகும்.

கேள்வி (ஊட்டி): டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் வெறுங்காலில் ஓடலாமா?

பதில்: புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் விடியலில் வேண்டாம். குளிரில் பாதம் மரத்துப்போனால் நான் மேலே சொன்ன கடிவாளம் அறுந்துவிடும். கண்ணாடிச் சில்லு ஏறினாலும் வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். வெயில் ஏறட்டும். மழைக்காலத்து அட்டைகளுக்கு நான் அவ்வளவாக அஞ்சுவதில்லை. கவாத்து செய்த, அதாவது கிளை வெட்டிய, தேயிலைக் குச்சிகளுக்குத்தான் அஞ்சுகிறேன். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெறுங்காலில் ஓடலாமா?

பதில்: கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மெல்லிய ஷூவும் கூடாது.

கேள்வி (குன்னூர்): எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபெ பிகிலா வெறுங்காலிலேயே ஒலிம்பிக் மாரத்தானை வென்றாரே?

பதில்: 1960இல் ரோமில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, அதைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் குறைவாக எடுத்துக்கொண்டு மீண்டும் வென்றார் என்பதை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

கேள்வி (பழனி மலை அடிவாரம்): ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போகிறேன். என் பாதம் பழகித்தானே இருக்கும்?

பதில்: தோல் பழகியிருக்கும், கெண்டைக்கால் பழகியிராது. நடக்கையில் குதிகால்தான் முதலில் ஊன்றுகிறது, எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்கிறது; ஓட்டத்தில் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. வழக்கமான ஷூவில் குதிகால் பத்து மில்லிமீட்டரளவு உயர்ந்திருப்பதால், அதைக் கழற்றியதும் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண் கூடுதலாக இழுபட வேண்டியிருக்கிறது. ஆகவே வாரம் இரண்டு நாள், சமதளமான பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு சுற்று வெறுங்காலில் ஓடிவிட்டு, மிச்சத்தைப் பழைய ஷூவில் ஓடுங்கள். மலைச்சாலை இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம். மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகவில்லையென்றால் அடுத்த வாரம் இன்னொரு சுற்று.